நீதிபதி கேட்ட கேள்வி

ருவாண்டாவின் டாபா பகுதிக்குத் தலைவராக இருந்த ழான்-பால் அகாயேசு மீது 1996-ல் ஒரு சர்வதேச நடுவர் மன்றத்தில் பதிவான குற்றப்பத்திரிகையில் 12 குற்றச்சாட்டுகள் இருந்தன. இனப்படுகொலை, கொலை, சித்திரவதை என்று அது நீண்டாலும், பாலியல் வல்லுறவு என்ற குற்றம் அதில் ஓரிடத்திலும் இல்லை. 1994 ஏப்ரல் முதல் ஜூன் முடிய டாபாவில் மட்டும் குறைந்தது 2,000 டுட்சி இன மக்கள் கொல்லப்பட்டிருந்தார்கள். உயிருக்குப் பயந்து அரசு அலுவலக வளாகத்தில் தஞ்சமடைந்த பெண்களை ஆயுதக் கும்பல்கள் அங்கேயே சீரழித்திருந்தன. புலனாய்வாளர்களின் தாள்களில் ஏறாத அந்தக் கொடுமை, விசாரணை தொடங்கிய பிறகு சாட்சிகளின் வாயிலிருந்துதான் வெளிவந்தது. 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்போ, பாலியல் வல்லுறவும் ஓர் இனத்தை அழிக்கும் செயலாக முடியும் என்று உலகச் சட்ட வரலாற்றிலேயே முதன்முறையாக அறிவித்தது. குற்றப்பத்திரிகையில் இடம்பெறாத ஒன்று தீர்ப்பின் மையத்துக்கு வந்த கதையில், அமர்விலிருந்த மூன்று நீதிபதிகளில் ஒரே பெண்ணான நவநீதம் பிள்ளைக்குப் பெரிய பங்கு உண்டு. நீதிபதி ஆசனத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தே எந்தக் கேள்வி கேட்கப்படும் என்பது முடிவாகிறது. எது கேட்கப்படவில்லையோ அது சட்டத்தின் கண்ணில் நடக்காததாகவே ஆகிவிடுகிறது. நவி பிள்ளை என்று உலகம் அறிந்த இந்தப் பெண்ணின் அரை நூற்றாண்டுத் தொழில்வாழ்க்கை இதற்குத் தெளிவான சான்று.

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு 1860-லிருந்து இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோனார்கள். முதல் கப்பலான ட்ரூரோ புறப்பட்டதே சென்னைத் துறைமுகத்திலிருந்துதான். அந்தத் தமிழ்ச் சமூகத்தில், டர்பன் நகரின் கிளேர்வுட் பகுதியில், 1941 செப்டம்பர் 23 அன்று பிறந்தவர் நவநீதம். அப்பா பேருந்து ஓட்டுநர். மகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் வசதி வீட்டில் இல்லை. அக்கம்பக்கத்து இந்தியச் சமூகம் பணம் திரட்டிக் கொடுத்துத்தான் அவர் நேட்டால் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கும் வெள்ளையரல்லாத மாணவர்களுக்குத் தனிப் பிரிவுதான். 1965-ல் சட்டப் பட்டம் கையில் வந்தபோது வேலை தர எந்தச் சட்ட நிறுவனமும் முன்வரவில்லை. வெள்ளையர் ஊழியர்கள் வெள்ளையரல்லாத ஒருவரின் உத்தரவை ஏற்று வேலை செய்யும் நிலை வந்துவிடும் என்பது அவர்கள் சொன்ன காரணம். 1967-ல் அவர் சொந்தமாக அலுவலகம் திறந்தார். நேட்டாலில் தனித் தொழில் தொடங்கிய வெள்ளையரல்லாத முதல் பெண் வழக்கறிஞர் அவர்தான்.

அடுத்து வந்த 28 ஆண்டுகள், நிறவெறி ஆட்சியை எதிர்த்தவர்களுக்காக அவர் வழக்காடினார். அந்த ஆட்சி சட்டமின்றி நடந்த ஆட்சி அல்ல என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். யார் எங்கே குடியிருக்கலாம், யாரை யார் மணக்கலாம், யாரை விசாரணையின்றி எத்தனை நாள் அடைத்து வைக்கலாம் என்று எல்லாவற்றுக்கும் அங்கே சட்டம் இருந்தது, நீதிபதிகளும் இருந்தார்கள். ஆனால் அந்த நீதிபதிகளின் அறைக்குள் வெள்ளையரல்லாத வழக்கறிஞர் நுழையவே முடியாது. 1971-ல் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அவருடைய கணவரையே காவலில் எடுத்தபோது, போலீஸ் சட்டவிரோத விசாரணை முறைகளைக் கையாளக் கூடாது என்று கோரி நீதிமன்றம் போய்த் தடை வாங்கினார் பிள்ளை. தனிமைச் சிறை மனிதரை எப்படிச் சிதைக்கிறது, காவலில் என்ன நடக்கிறது என்பதை நீதிமன்றப் பதிவுக்குள் கொண்டுவந்தார். 1973-ல் அவர் தொடுத்த வழக்கின் பயனாக, நெல்சன் மண்டேலா உள்ளிட்ட ராபன் தீவு அரசியல் கைதிகளுக்கு வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை கிடைத்தது. அநீதியான சட்ட அமைப்புக்குள்ளும், மறைக்கப்பட்டதை நீதிமன்றத்தில் பதிவுசெய்ய வைத்தால் அதற்கு ஒரு பலன் உண்டு என்பதை அவர் இந்த ஆண்டுகளில் கற்றுக்கொண்டார். குடும்ப வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான ஆலோசனை மையத்தைத் தொடங்கிய அனுபவமும் இதோடு சேர்ந்தது. காவலறையாக இருந்தாலும் வீடாக இருந்தாலும், மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதைச் சட்டம் தானாக எட்டிப் பார்ப்பதில்லை.

நிறவெறி ஆட்சி முடிந்து, 1995-ல் மண்டேலா அரசு அவரை உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமித்தது. அந்த நாட்டின் உயர் நீதிமன்றத்தில் அமர்ந்த வெள்ளையரல்லாத முதல் பெண் அவர். நீதிபதியின் அறைக்குள் தாம் முதன்முதலாகக் காலெடுத்து வைத்தது தம் சொந்த அறைக்குள் போனபோதுதான் என்று பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். அதே ஆண்டில் ஐ.நா. பொதுச்சபை அவரை ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் நடுவர் மன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது. 1994-ல் ஏறத்தாழ 100 நாட்களில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்ட பிறகு, ஐ.நா. பாதுகாப்பு அவை தான்சானியாவின் அருஷா நகரில் அமைத்த மன்றம் அது. தொடக்க ஆண்டுகளில் அங்கே இருந்த ஒரே பெண் நீதிபதி பிள்ளைதான்.

அகாயேசு வழக்கில் நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். அந்த மனிதர் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஊரின் மரியாதைக்குரிய தலைவர். 1997 தொடக்கத்தில் சாட்சிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். பாதுகாப்புக்காகப் பெயரை மறைத்து, 'ஜே' என்ற எழுத்தால் குறிக்கப்பட்ட ஒரு பெண், தன் தந்தையைக் கொல்ல வந்த மூன்று பேர் தன் ஆறு வயது மகளை வல்லுறவு செய்ததாகச் சொன்னார். வழக்குத் தொடுத்த தரப்பு அவரை அழைத்தது அதற்காக அல்ல; சாட்சியத்தின் போக்கில் தானாக வெளிவந்த செய்தி அது. அந்த இடத்தில் அமர்வு அவரை விட்டுவிடவில்லை, மேலும் கேட்டது. அலுவலக வளாகத்தில் இளம்பெண்கள் வல்லுறவுக்கு ஆளானதாகத் தான் கேள்விப்பட்டதை அப்போது அவர் சொன்னார். பிறகு வந்த 'எச்' என்ற சாட்சி, சோளக்காட்டில் தனக்கு நேர்ந்ததைச் சொன்னார். அலுவலக வளாகத்துக்கு வெளியே மற்றப் பெண்களுக்கு நடந்ததைக் கண்ணால் கண்டதாகவும் சொன்னார். நீதிபதிகள் அவரையும் துருவினார்கள். பெண்கள் உரிமை அமைப்புகளும், இந்தக் குற்றங்களைச் சேர்க்க வேண்டும் என்று மன்றத்தில் மனு அளித்தன. 1997 ஜூனில் வழக்குத் தொடுத்த தரப்பு குற்றப்பத்திரிகையைத் திருத்தி மூன்று புதிய குற்றச்சாட்டுகளைச் சேர்த்தது.

தீர்ப்பு இரண்டு வகையில் புதிய பாதை போட்டது. ஒன்று, வல்லுறவுக்கு வரையறை தந்தது. அதுவரை சர்வதேசச் சட்டத்தில் அதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட வரையறை கிடையாது. உடலுறுப்புகளைப் பட்டியலிடும் இயந்திரத்தனமான விளக்கம் இந்தக் குற்றத்தின் சாரத்தைப் பிடிக்காது என்று சொல்லி, நிர்ப்பந்தச் சூழலில் ஒருவர்மீது நிகழ்த்தப்படும் பாலியல் தன்மையுள்ள உடல் ஆக்கிரமிப்பு என்று மன்றம் அதை வகுத்தது. பார்வை உடலுறுப்பிலிருந்து சூழலுக்கு நகர்ந்தது. ஆயுதக் கும்பல் சூழ்ந்து நிற்கும் இடத்தில், அந்தப் பெண் எதிர்த்தாளா, கத்தினாளா என்ற கேள்விக்கே வேலையில்லை. இரண்டாவதாக, டுட்சிப் பெண்கள் என்பதற்காகவே அவர்களைத் தேர்ந்தெடுத்துச் சிதைத்தது அந்த இனத்தை அழிக்கும் திட்டத்தின் பகுதி என்று மன்றம் கண்டது. இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் ஒருவரைத் தண்டித்தது அதுவே முதல் முறை. அகாயேசுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 2001-ல் அவரது மேல்முறையீடு தள்ளுபடியானது.

பெண் நீதிபதி இல்லாதிருந்தால் இது நடந்திருக்காதா? செனகலின் லைட்டி காமா, ஸ்வீடனின் லென்னார்ட் ஆஸ்பெக்ரன் என்ற இரு ஆண் நீதிபதிகளும் சேர்ந்து எழுதிய ஒருமித்த தீர்ப்பு அது. எனவே பெண்ணால்தான் முடியும் என்று சொல்வது அவர்களுக்கு நியாயம் செய்யாது. ஆனால் வரலாறு தருகிற மறுபக்கச் சான்றையும் ஒதுக்க முடியாது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமைந்த நியூரம்பர்க், டோக்கியோ நடுவர் மன்றங்களில் பெண் நீதிபதி ஒருவர்கூட இல்லை. நியூரம்பர்க் சாசனத்தின் குற்றப் பட்டியலில் வல்லுறவு இடம்பெறவில்லை. ஜப்பானிய ராணுவத்தின் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட ஆசியப் பெண்களுக்கு நேர்ந்தது டோக்கியோவில் தனிக் குற்றமாக விசாரிக்கப்படவே இல்லை. அந்த நீதிபதிகள் தீயவர்கள் என்று இதற்குப் பொருளல்ல. போரில் பெண்களுக்கு நேர்வது போரோடு வரும் தவிர்க்க முடியாத சேதம் என்று சட்டத்துறையே நம்பியிருந்த காலம் அது. அந்த நம்பிக்கையை உடைக்க, அதைச் சேதமாகப் பார்க்காத ஒருவராவது ஆசனத்தில் இருந்தாக வேண்டும்.

இங்கேதான் வலுவான ஆட்சேபம் எழுகிறது. பெண்கள் இயக்கத்தில் இயங்கியவர், அரசை எதிர்த்து வழக்காடியவர், ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்தவர் நீதிபதியானால் அவர் தீர்ப்புச் சொல்வாரா, போராட்டத்தைத் தொடர்வாரா? நடுநிலைமைதானே நீதியின் முதுகெலும்பு? இந்தக் கேள்வி ஒரு வழக்காகவே விசாரணைக்கு வந்தது. முன்னாள் யூகோஸ்லாவியாவுக்கான நடுவர் மன்றத்தில் வல்லுறவு தொடர்பான குற்றத்துக்குத் தண்டனை பெற்ற ஃபுருன்ட்ஸியா, தன்னை விசாரித்த ஜாம்பியா நாட்டு நீதிபதி ஃப்ளாரன்ஸ் மும்பா முன்பு ஐ.நா. பெண்கள் நிலை ஆணையத்தில் இருந்தவர், ஆகவே பாரபட்சம் உண்டு என்று மேல்முறையீடு செய்தார். 2000 ஜூலையில் மேல்முறையீட்டு அமர்வு அதை ஏற்க மறுத்தது. மனித உரிமைத் துறையில் அனுபவம் இருக்க வேண்டும் என்று மன்றத்தின் சட்டமே நீதிபதிகளிடம் எதிர்பார்க்கும்போது, அந்த அனுபவத்தையே தகுதியின்மையாகக் காட்ட முடியாது என்பது அதன் வாதத்தின் சாரம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காவலறையை ஒருநாளும் பார்க்காத, வீட்டு வன்முறையை அறியாத, அரசு சொல்வதை நம்பியே பழகிய வாழ்க்கையும் ஓர் அனுபவம்தான். பெரும்பான்மை நீதிபதிகளிடம் இருந்த அனுபவம் என்பதாலேயே அது நடுநிலையாகிவிடாது.

அப்படியானால் நடுநிலையை எதைக் கொண்டு அளப்பது? நீதிபதி எங்கிருந்து வந்தார் என்பதைக் கொண்டல்ல. அவர் தந்த காரணங்கள் எழுத்தில் நிற்கின்றனவா, மேல்முறையீட்டைத் தாங்குகின்றனவா, ஒரே அளவுகோல் எல்லாருக்கும் பொருந்துகிறதா என்பதைக் கொண்டே அளக்க வேண்டும். பிள்ளையின் இன்னொரு பெரிய வழக்கு இதற்கு உதவுகிறது. அவர் தலைமையில், நார்வேயின் எரிக் மோஸே, இலங்கையின் அசோக டி சொய்சா குணவர்தன ஆகியோருடன் 2003 டிசம்பர் 3 அன்று வழங்கிய தீர்ப்பு 'ஊடக வழக்கு' எனப்படுகிறது. குற்றவாளிகள் மூவர்: ஆர்.டி.எல்.எம். வானொலியோடு தொடர்புடைய வரலாற்றுப் பேராசிரியர் நஹிமானா, சட்டம் படித்த பராயாக்விசா, 'காங்குரா' இதழின் ஆசிரியர் ங்கேஸே. கையில் கத்தி எடுக்காத இவர்களை, பேச்சாலும் எழுத்தாலும் இனப்படுகொலையைத் தூண்டியதற்காக மன்றம் தண்டித்தது. நியூரம்பர்க்கில் நாஜிப் பத்திரிகையாசிரியர் யூலியுஸ் ஷ்ட்ரைகர் தண்டிக்கப்பட்டதற்குப் பின், ஊடகத்தின் பொறுப்பை இந்த அளவில் ஆராய்ந்த தீர்ப்பு வேறில்லை.

கருத்துச் சுதந்திரத்தின் ஆதரவாளர்கள் இதை எதிர்த்தார்கள். வெறுப்புப் பேச்சுக்கும் கொலைத் தூண்டலுக்கும் நடுவே உள்ள கோட்டை இந்தத் தீர்ப்பு மங்கலாக்கிவிட்டது என்றார்கள். அவர்களுடைய கவலையில் நியாயம் இருந்தது. 2007-ல் மேல்முறையீட்டு அமர்வும் தீர்ப்பின் ஒரு பகுதியை நீக்கியது. கூட்டுச்சதிக் குற்றச்சாட்டுகள் விழுந்தன. மன்றத்தின் அதிகாரம் 1994-ஆம் ஆண்டுச் செயல்களுக்கே உரியது என்பது கண்டிப்பாக்கப்பட்டது. இருவருக்கு ஆயுள், ஒருவருக்கு 35 ஆண்டு என்றிருந்த தண்டனைகள் 30 முதல் 35 ஆண்டுகளாக மாறின. ஆனாலும் ஊடகத்தின் வழியே இனப்படுகொலையைத் தூண்டியது குற்றம் என்ற அடிப்படை நிலைத்தது. ஒரு நீதிபதி எல்லை தாண்டினால் அதைத் திருத்த வழி இருக்கிறது என்பதைத்தான் இது காட்டுகிறது. கேட்கப்பட்ட கேள்வியின் விடை தவறானால் மேல்முறையீடு அதைச் சரிசெய்யும். கேட்கவே படாத கேள்வியைச் சரிசெய்ய எந்த மேல்முறையீட்டு மன்றத்தாலும் முடியாது.

ஒரே அளவுகோல் என்ற சோதனையை அவருடைய அடுத்த பதவி இன்னும் கடுமையாக வைத்தது. ஹேக் நகரின் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் முதல் அமர்வுக்கு 2003-ல் தேர்வான அவர், 2008 செப்டம்பரில் ஐ.நா. மனித உரிமை ஆணையரானார். சில மாதங்களில் இலங்கையின் வன்னிப் போர் அதன் கடைசிக் கட்டத்துக்குள் போனது. 2009 மார்ச்சில் இரு தரப்பும் போர்க்குற்றம் புரிந்திருக்கக் கூடும் என்று அவர் வெளிப்படையாக எச்சரித்தார். சுதந்திரமான விசாரணை கேட்டார். அவ்வாண்டு மே மாதம் மனித உரிமைப் பேரவை கூட்டிய சிறப்பு அமர்வோ இலங்கை அரசுக்கு ஆதரவான தீர்மானத்தை நிறைவேற்றியது. இந்தியாவும் அதற்கு வாக்களித்தது. தமிழர் என்பதால் இப்படிப் பேசுகிறார் என்று கொழும்பில் அவரைத் தாக்கினார்கள். 2013 ஆகஸ்டில் இலங்கைக்குப் போனபோது அவர் இதற்கு நேராகப் பதில் சொன்னார். தாம் தென்னாப்பிரிக்கர் என்றார். காணாமல் ஆக்கப்பட்டோருக்காகவும் வடக்கில் நிலைத்துவிட்ட ராணுவ இருப்பைப் பற்றியும் பேசினார். அதே மூச்சில் விடுதலைப் புலிகளைக் கொலைகார அமைப்பு என்று கண்டித்து, புலம்பெயர்ந்தோரில் அவர்களைப் போற்றுபவர்களையும் விமர்சித்தார். இந்தக் கடைசிப் பகுதி பல தமிழர்களுக்குக் கசந்தது. ஆனால் முதற்பகுதிக்கு எடை கொடுத்ததே அதுதான். தம்மவர் பக்கம் சாய்ந்து பேசியவர் என்றால் அவருடைய சொல்லை எளிதாக ஒதுக்கியிருக்கலாம். ஐ.நா. மனித உரிமை அலுவலகமே விசாரிக்க வேண்டும் என்ற தீர்மானம் 2014 மார்ச்சில் பேரவையில் நிறைவேறியபோது, அவர் ஐந்து ஆண்டுகளாக வைத்த கோரிக்கை அதற்குப் பின்னால் இருந்தது.

குறையே இல்லாத வாழ்க்கை என்று இதைச் சொல்ல வரவில்லை. 2010-ல் சீனச் சிறையில் இருந்த லியு சியாபோவுக்கு நோபல் அமைதிப் பரிசு வழங்கப்பட்ட விழாவுக்கு அவர் போகவில்லை. மனித உரிமை அமைப்புகள் கடுமையாகக் கண்டித்தன, அந்தக் கண்டனம் சரியானதே. அரசுகளின் ஒத்துழைப்பைச் சார்ந்திருக்கும் ஆணையர் பதவி, நீதிபதி ஆசனத்தைப் போலச் சுதந்திரமானதல்ல என்பதை அந்த நிகழ்ச்சி காட்டியது. 2021-லிருந்து அவர் தலைமை தாங்கிய பாலஸ்தீனப் பகுதிகள், இஸ்ரேல் பற்றிய ஐ.நா. விசாரணை ஆணையமும் நடுநிலை பற்றிய சர்ச்சைக்குள்தான் இயங்கியது. 2023 அக்டோபர் 7 தாக்குதலில் பாலஸ்தீன ஆயுதக் குழுக்கள் போர்க்குற்றம் புரிந்தன என்று 2024-ல் சொன்ன அந்த ஆணையம், காஸாவில் இஸ்ரேல் இனப்படுகொலை செய்தது என்று 2025 செப்டம்பரில் முடிவுக்கு வந்தது. ஆணையமே பாரபட்சமானது என்று இஸ்ரேல் அதை முற்றாக நிராகரித்தது. விசாரணை ஆணையம் நீதிமன்றம் அல்ல. இறுதிச் சொல்லை நீதிமன்றங்கள்தான் சொல்ல வேண்டும். ஆனால் சான்றுகளைத் தொகுத்துக் காரணத்தோடு எழுதப்பட்ட ஒரு முடிவை, சான்றாலும் காரணத்தாலும் மறுப்பதே முறை. எழுதியவரின் பின்னணியைக் காட்டித் தள்ளுவது மறுப்பாகாது.

இவ்வளவுக்கும் பிறகு ஒரு கசப்பான கேள்வி மிஞ்சுகிறது: இதனால் யாருக்கு என்ன கிடைத்தது? சர்வதேச நீதிமன்றங்களுக்குச் சொந்தப் போலீஸ் இல்லை. அமெரிக்கா, ரஷ்யா, சீனா, இந்தியா ஆகிய நாடுகள் ஹேக் குற்றவியல் நீதிமன்றத்தில் உறுப்பினர்கள் அல்ல. அருஷா மன்றம் 93 பேர்மீது குற்றம் சாட்டியும், போரில் வென்ற ருவாண்டா தேசபக்த முன்னணியைச் சேர்ந்த எவரையும் கூண்டில் ஏற்றவில்லை. டாபாவின் பெண்களுக்கு இழப்பீடு தரும் அதிகாரமும் அதற்கு இல்லை. இவை எல்லாம் உண்மை. வலுத்தவனை எட்டாத நீதி அரைகுறை நீதிதான். ஆனால் அரைகுறை என்பதால் பயனற்றது என்று முடிவுகட்டினால், நடந்ததைக் கவனிக்கத் தவறுகிறோம். ஹேக் நீதிமன்றத்தை உருவாக்கிய 1998 ரோம் சாசனம் பாலியல் வன்முறையைப் போர்க்குற்றமாகவும் மானுடத்துக்கு எதிரான குற்றமாகவும் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது; நீதிபதிகளில் ஆண், பெண் இரு பாலருக்கும் நியாயமான இடம் வேண்டும் என்றது; பாதிக்கப்பட்டவர்கள் விசாரணையில் பங்கேற்கவும் இழப்பீடு பெறவும் வழி செய்தது. அந்த நீதிமன்றத்தின் முதல் 18 நீதிபதிகளில் 7 பேர் பெண்கள். பாலியல் வன்முறை இனப்படுகொலையின் கூறாகலாம் என்று 2008-ல் ஐ.நா. பாதுகாப்பு அவையே தீர்மானத்தில் எழுதியது. ரோஹிங்யா மக்களுக்காகக் காம்பியா மியான்மர்மீது தொடுத்த இனப்படுகொலை வழக்கில், 2020 ஜனவரியில் சர்வதேச நீதிமன்றம் ஒருமனதாக இடைக்கால உத்தரவு போட்டபோது, காம்பியா நியமித்த தற்காலிக நீதிபதியாக அந்த ஆசனத்தில் பிள்ளை இருந்தார். டாபாவின் பெண்கள் தொடங்கி வைத்த வாதம் இன்று வேறு நாட்டுப் பெண்களுக்குச் சட்ட ஆயுதமாக இருக்கிறது.

ஒரு நாட்டின் நீதித்துறைக்கு யாரை அனுப்புகிறோம் என்பது அந்தந்தச் சமூகத்துக்குக் கொடுக்கும் மரியாதை, சலுகை என்ற அளவிலேயே நம்மிடையே பேசப்படுகிறது. பிள்ளையின் தொழில்வாழ்க்கை அந்தப் பேச்சைத் திருத்துகிறது. உண்மை முழுவதும் நீதிமன்றத்துக்குள் வர வேண்டுமானால், பலவகை வாழ்க்கையை அறிந்தவர்கள் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். அது நீதியின் துல்லியத்துக்கான தேவை. அதோடு, அவர்கள் எழுதும் ஒவ்வொரு காரணமும் பொதுவில் வைக்கப்பட்டு, மேல்முறையீட்டில் உரசிப் பார்க்கப்பட வேண்டும். இந்த இரண்டில் முதலாவது இல்லையென்றால் நீதிமன்றம் பாதி உண்மையோடு முடிவெடுக்கும். இரண்டாவது இல்லையென்றால் தீர்ப்பு தனிமனித விருப்பமாகச் சுருங்கிவிடும். இரண்டும் கூடிய இடத்தில், 12 குற்றச்சாட்டுகளோடு தொடங்கிய ஒரு வழக்கு 15 குற்றச்சாட்டுகளோடு முடிந்து, உலகச் சட்டத்தையே மாற்றியது.